நான்கு நிமிடம் முன்னால்

கொலராடோ மலைச்சரிவில்
ஆஸ்பென் மரங்களில் கட்டிய இருபத்திரண்டு கேமராக்கள்.
அவை எடுத்த படங்களைப் பார்த்துப் பெயரிடுவது என் வேலை.
மணிக்குப் பத்தொன்பது டாலர்.
மனிதர், நாய், சைக்கிள், எல்க் மான்,
ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லைதான் அதிகம்.
காற்றில் ஒரு கிளை அசைந்தாலும்
கேமரா திடுக்கிட்டுக் கண் விழிக்கிறது.

அதற்கடுத்து சைக்கிள்.
சைக்கிள், சைக்கிள், நாய், சைக்கிள்,
முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஏறும் ஒருத்தி,
பிறந்தநாள் தொப்பியோடு ஓடும் நான்கு பேர்,
சங்கிலி கழன்றதற்குக் கெட்ட வார்த்தை சொல்லும் ஒருவர்.
வாயைப் பார்த்தாலே என்ன வார்த்தை என்று தெரிகிறது.
பல் டாக்டர் இங்வால்ட். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர்.
அவர் தவிர எல்லோரும் சிரிக்கிறார்கள்.
அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.
இத்தனை சந்தோஷ முகங்களை
வேறெந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை.

எல்க் வருவது மூன்று பன்னிரண்டுக்கு.
இரண்டு நாற்பதுக்கு. ஒன்றே காலுக்கு.
ஊரே தூங்கும் நேரம்.
முதலில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள் தெரியும்;
அந்தக் கண்களைப் பிடித்துக்கொண்டுதான்
குதிரை உயர உடம்பை இருட்டில் தேட வேண்டும்.

பழைய கோப்புகளில் அவை பகலில் மேய்ந்தன.
வெயில் முதுகில் விழ, அவசரமில்லாமல்.
ஒன்று லென்ஸை நக்கிவிட்டுப் போயிருக்கிறது.
முழுப் படமும் நாக்கு.
லோரெட்டா வெஸ்ட்பை அதைச் சட்டம் போட்டு
அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

மந்தை ஏன் குறைகிறது என்று பேச
ஏப்ரலில் ஒரு கூட்டம் போட்டார் லோரெட்டா.
கூட்டம் நிரம்பி வழிந்தது, வண்டி நிறுத்த இடமில்லை.
மேலே ஆள் நடமாட்டம் பொறுக்காமல்
கீழே அவருடைய வைக்கோல் நிலத்துக்கு
இறங்கி வந்துவிட்ட நூற்றுப் பதினோரு மான்களைப் பற்றி
ஹாஸ்கல் புருயெட் எழுந்து சொன்னார்:
"பொது நிலம் பொதுமக்களுக்கு.
மான் மட்டும் என் தலையிலா?"
எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

இன்று கேமரா பதினாறு. மே இருபத்தேழு.
குட்டி போடும் காலம்; ஜூன் இருபது வரை
பாதையின் இரும்புக் கதவுக்குப் பூட்டு.

ஏழு நாற்பத்தொன்று: ஒரு பெண் எல்க்.
பகலில்!
மடி புடைத்திருக்கிறது. ஓட்டத்தில் முன்கால் மங்கல்.
தலை மட்டும் பின்னால் திரும்பி
நாலு கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

ஏழு நாற்பத்தைந்து: இரண்டு பேர்.
ஒருவர் ஃப்ளாஸ்க் மூடியைத் திறக்கிறார்.
மற்றவரின் நீலச் சட்டையில்
முழங்கை கிழிந்து, சிவப்பு நூலால் மோசமாகத் தைத்திருக்கிறது.

அந்தச் சட்டை இப்போது
என் நாற்காலி முதுகில் தொங்குகிறது.

ஒரு மணி நேரம்தானே, யார் இருக்கப்போகிறார்கள் என்று
டோபினும் நானும் கதவைச் சுற்றிப் போனோம்.
காபி குடித்தோம்.
"பார், ஒரு ஜீவன் இல்லை.
மலையே நமக்கு" என்றான்.
அவ்வளவு அமைதியாக இருந்தது.

எட்டு இரண்டு, ஒன்பது முப்பது, ஒன்று ஐந்து:
புல். புல். புல்.
போன வாரம் மூன்றுக்கும் நான்தான்
ஒன்றுமில்லை என்று போட்டேன்.
இன்று பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
புல்லடியில் வெளிர் புள்ளிகள்.
அசையாமல் படுத்திருக்கும் குட்டியாக இருக்கலாம்.
இலை வழியாக விழுந்த வெயிலாகவும் இருக்கலாம்.
இன்னும் பெரிதாக்கினால்
வெறும் கட்டம் கட்டமான பழுப்பு.

மறுநாள் இரண்டு ஐம்பதுக்கு இரண்டு பொத்தான்கள்.
அவளா, வேறொருத்தியா?
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

இனம்: மனிதர்.
எண்ணிக்கை: இரண்டு.
கதவு பூட்டியிருந்ததா: ஆம்.
பெயர் கேட்கவில்லை.

அடுத்த படம் ஒரு நாய்,
வாலை ஆட்டிக்கொண்டு.